நாலரை அடி அண்ணாமலை

என் வேலை விதி எழுதுவது. இப்படிச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். என் நாத்தனார் உள்ளங்கையை நீட்டி, "எனக்கும் நல்லதா ஒண்ணு எழுதுங்க அண்ணி" என்று பல வருஷம் கிண்டல் செய்தாள். நான் எழுதியது யாருடைய தலையெழுத்தும் இல்லை. கணினிக்கான விதி. இந்த அமைப்பில் ஒன்று வந்தால் அதை எடுத்துவிட்டு இதை வை என்று சொல்லும் ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி ஒருத்தியின் தலையெழுத்தாகவே ஆகிப்போன நாளும் வந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

என்னோடு வேலை பார்த்த சுமதி போன மாதம் போன் செய்தாள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"அக்கா, நம்ம விதியெல்லாம் தூக்கிட்டாங்க. புதுசா ஒண்ணு வந்திருக்குது. பத்திரத்தைக் காட்டினா அதுவே பார்த்துக் கத்துக்குதாம்."

"தப்பு பண்ணா?"

"பண்ணும்தான். ஏன் பண்ணிச்சினு யாராலயும் சொல்ல முடியாதாம். அதுக்கே தெரியாதாம்க்கா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்த தப்பு ஏன் நடந்தது என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். தெரிந்துமே அந்தப் பாடு பட்டேன். "நீங்களாவது அதை எழுதி வைங்கக்கா" என்று அவள் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் இருக்கும் கிராமம், திருவண்ணாமலை டவுனிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். கணக்கில் பட்டம் வாங்கி, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, டவுனில் ஒரு சின்ன கம்பெனியில் தட்டச்சுக்குச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் பாதி புரிந்தது, மீதி பத்து வருஷத்தில் புரிந்தது. பயிற்சிக் கதை அவ்வளவுதான்.

கம்பெனி செய்த வேலை இது. பழைய வீட்டுப் பத்திரங்களைப் படம் எடுத்து, அதிலுள்ள சொத்து விவரத்தை டைப் செய்து, படிக்கும்படியான தெளிவுப் பிரதியாக்கிக் கொடுப்பது. பழைய பத்திரத்தை எழுதியவர்கள் கமாவுக்கும் புள்ளிக்கும் அப்படி ஒரு கஞ்சத்தனம் காட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம் ஓடும். கணினி அதை உடைத்து, இது அளவு, இது திசை, இது ஆள், இது ஊர் என்று தனித்தனிப் பெட்டியில் போட வேண்டும். எப்படி உடைப்பது என்று சொல்வதுதான் விதி. உதாரணமாக, ஓர் எண், அதையடுத்து 'அடி' என்ற சொல் வந்தால் இரண்டையும் சேர்த்து 'அளவு' பெட்டியில் போடு. அந்த எண் எட்டாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். அதனால் விதியில் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவோம். அதை நாங்கள் 'காலி' என்போம். காலி எதையும் வாங்கிக்கொள்ளும். விதிகள் வரிசையாக ஓடும். கடைசி விதி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். மாற்ற இனி ஒன்றுமே இல்லை என்ற பிறகுதான் நிற்கும்.

எங்களுக்கு மேலே தனகோட்டி சார். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தியே கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். புது விதி எழுதினால் அதை ஒரு முழுத்தாளில் எழுதி எடுத்துப்போக வேண்டும். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். தாளைத் தனக்கு மட்டும் கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பார். 'இது எங்கே படும்' என்பதற்கு மூன்று உதாரணம் நாம் எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்க்கக்கூட மாட்டார். நிமிர்ந்து, "எதுல படக்கூடாது?" என்று கேட்பார். அதற்குப் பத்து உதாரணம் சொல்ல வேண்டும். ஏழில் திக்கினால் தாள் திரும்பி வந்துவிடும். பத்தும் சொன்னால் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். அந்த அறைக்குள் போவதற்கு முன் பாத்ரூம் போய்வருவது எங்கள் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பாபு என்று ஒருவர் வேலை பார்த்தார். ஆள் பெயருக்கு முன்னால் 'திரு' இருந்தால் அதற்குப் பின் புள்ளி வைத்துப் பிரிக்க ஒரு விதி எழுதினார். சார் அன்று லீவு. விதி ஓடி முடிந்ததும் எல்லாப் பத்திரத்திலும் நம் ஊர் 'திரு. வண்ணாமலை' ஆகியிருந்தது. வண்ணாமலை என்ற பெரிய மனிதர் மாவட்டம் முழுக்க நிலம் வைத்திருந்தார். அதைத் திருத்தப் பெயருக்கு முன் 'திரு' சேர்க்க இன்னொரு விதி போட்டார். சேர்த்த பிறகும் அது பெயர்தானே. மறுபடி ஒரு திரு. மறுபடி ஒன்று. திரு திரு திரு என்று திரை முழுக்க ஓடி, கணினி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றுவிட்டது. பாபுவும் அப்படித்தான் நின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் சார் வந்து, "நிக்காத விதி நல்லது. தப்புனு உடனே தெரிஞ்சிடும். தப்பா ஓடிட்டு அழகா நிக்குது பாரு, அதுக்குத்தான் பயப்படணும்" என்றார். அப்போது எனக்கு அதன் பொருள் உறைக்கவில்லை.

ஓய்வுக்கு ஆறு வருஷம் இருந்தபோது அந்த விதியை எழுதினேன். எங்கள் ஊர்ப் பெயரைப் பத்திரங்களில் கண்டபடி எழுதியிருப்பார்கள். ஒன்றில் அடிஅண்ணாமலை, இன்னொன்றில் அடியண்ணாமலை, பலவற்றில் பிரித்து அடி அண்ணாமலை. பிரித்து எழுதியதைக் கணினி ஊர் என்று கண்டுகொள்ளவில்லை. 'அண்ணாமலை' மட்டும் ஆள் பெயராகப் போய்விடும். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு அண்ணாமலை இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் ஊரை ஓர் ஆளாக்குவதா என்று ரோஷம். 'அடி' என்றும் 'அண்ணாமலை' என்றும் அடுத்தடுத்து வந்தால் சேர்த்து ஒரே ஊராக்கு என்று எழுதினேன். குறிப்பான விதி முதலில், பொதுவான விதி பின்னால் என்பது எங்கள் வழக்கம். அதனால் ஊர்ப் பெயர் விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். படித்தார். "எதுல படக்கூடாது?"

"எதுலயும் படாது சார். எங்க ஊரு சார்."

நான் சொன்ன விதத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து உதாரணம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். மாடிப்படி இறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

இருபது பத்திரத்தில் ஓட்டிப் பார்த்தோம். இருபதும் சரி. அப்புறம் எல்லாவற்றிலும் ஓடியது, அழகாக நின்றது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பௌர்ணமி அன்று காலை, சுமதி முகவரிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரத்தில் வரும் ஆட்களின் முகவரியை மட்டும் பிரித்து வைக்கும் பட்டியல் அது. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அக்கா, உங்க ஊர்ல கதவு நம்பரெல்லாம் பாதி பாதியா போடுவாங்களா?"

"ஏன்டி?"

"இங்க பாருங்க. கதவு எண் நாலரை, அடி அண்ணாமலைனு இருக்குது. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல யாருக்கா குடியிருக்கிறாங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனேன். அந்தப் பத்திரத்தின் படத்தைத் திறந்தேன். செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு மனை. பழைய கையெழுத்தில் இப்படி இருந்தது: மேற்படி மனையில் வடபுறம் தென்வடல் அகலம் 4½ அடி அண்ணாமலை வகையறா போகவர நடைபாதை நீக்கி மீதி உள்ளது.

இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் என் கண் அதில் என் ஊரைத்தான் பார்த்தது. மூன்றாம் தடவைதான் வாக்கியம் உடைந்தது. நாலரை அடி. அண்ணாமலை வகையறா. அந்த அடி ஊர் இல்லை, அளவு. அந்த அண்ணாமலை மலையும் இல்லை, ஊரும் இல்லை, பின் வீட்டுக்காரர். அவர் குடும்பம் போகவர விட்ட நாலரை அடிப் பாதை.

மிச்சம் என்ன நடந்திருக்கும் என்று திரையைப் பார்க்காமலே தெரிந்தது. என் விதி மேலே இருந்ததால் முதலில் ஓடி, 'அடி'யைப் பிடுங்கி ஊரோடு ஒட்டிவிட்டது. அளவு விதி வந்தபோது அடி இல்லை, நாலரை அனாதையாக நின்றது. எண்ணுக்குப் பின் ஊர் வந்தால் முகவரி என்று ஒரு விதி, அது நாலரையைக் கதவு எண் ஆக்கியது. முகவரியும் வகையறாவும் சேர்ந்து வந்தால் அந்தத் துண்டு சொத்து விவரத்தில் வேண்டாம், பட்டியலுக்கு அனுப்பு என்று இன்னொரு விதி. அதையும் நான்தான் எழுதினேன். தெளிவுப் பிரதியைத் திறந்தேன். மனை முழுதாக இருந்தது. பாதை இல்லை. ஒரு தழும்புகூட இல்லாமல் போயிருந்தது.

அதே மாதிரி எத்தனை என்று தேடினேன். இருபத்து மூன்று. மற்றவற்றில் எல்லாம் மூன்று, ஆறு, பத்து என்று முழு எண்கள். யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த அரை மட்டும் இல்லாவிட்டால் இன்றுவரை தெரிந்திருக்காது. இருபத்திரண்டு பிரதிகள் இன்னும் எங்கள் அலமாரியில் இருந்தன. ஒன்றுதான் வெளியே போயிருந்தது. செங்கம் ரோட்டு மனை. கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

சார் அறைக்குப் போக எழுந்தேன். தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. பிரதியைத் திருத்தி வைத்துவிடலாம், வெளியே போனதைப் பற்றி யாரும் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சுமதி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் பார்த்ததால்தான் போனேன்.

சார் படித்தார். கடிகாரம் கையிலேயே இருந்தது, கழற்ற மறந்துவிட்டார்.

"நீ எழுதினது. நான் பத்து கேக்காம விட்டது" என்றார். பிறகு, "வா, அங்க போயி பார்த்துட்டு வந்துடலாம். ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா பேசறது நான். நீ வாயத் தொறக்காத. நாம ஒத்துக்கிட்டா கம்பெனி மேல கேஸ் வரும், எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. கைதான் மேஜை மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

பௌர்ணமி என்பதால் பஸ்களைத் திருப்பி விட்டிருந்தார்கள். ஆட்டோ பாதி தூரம்தான் போனது. இறங்கி நடந்தோம். மத்தியான வெயிலிலேயே ஜனம் கிரிவலத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. வெறுங்காலோடு மெதுவாக நடக்கிறவர்களை இடித்துக்கொண்டு நாங்கள் ஓடாத குறையாகப் போனோம். எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். அண்ணாமலையார் பெயரைச் சொல்லி வேண்டவும் அன்று கூச்சமாக இருந்தது.

ஆகியிருந்தது. மனையில் வெளியூர்க்காரர்கள் தங்கும் அறைகளுக்காகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கம் கடக்கால் போட்டு, சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்று. மூன்று பக்கமும் மற்றவர்களின் சுவர். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வாசல் இந்தப் புதுச் சுவருக்கு நேராக இருந்தது. இடுப்பு உயரச் சுவர் மேல் குடத்தை வைத்துவிட்டு, ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி இந்தப் பக்கம் குதித்தாள்.

எங்கள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்து, "ஆபீசர்ங்களா?" என்று ஓடி வந்தாள். பெயர் பச்சையம்மாள். பத்திரத்தில் இருந்த அண்ணாமலை அவளுடைய மாமனார், இறந்து வெகுகாலம் ஆகிறது. "நான் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இந்த வழிதாங்க. எங்க ஊட்டுக்காரரு பக்கவாதம் வந்து படுத்துனு கீறாரு. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு நாலு பேரு சொவரு மேல தூக்கிக் குடுத்தாங்க. இன்னும் ரெண்டு வரி ஏறிச்சினா எப்டிங்க தூக்குவேன்? உள்ளயே வெச்சிப் பூட்டினாப்ல ஆவுது."

மனையை வாங்கியவரும் அங்கே இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது.

"நான் இன்னாங்க பண்றது? கேட்டுத்தான் வாங்கினேன். பேப்பர்ல பாதைனு ஒரு வார்த்தை இல்ல. இருந்தா விட்டுட்டுக் கட்ட மாட்டேனா? இந்தாங்க, நீங்களே பாருங்க." எங்கள் பிரதியைப் பார்த்து எழுதிய பத்திரத்தை சாரிடம் நீட்டினார்.

சார் வாங்கினார். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார், பாதியில் சத்தம் நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "சரிங்க, ஆபீஸ்ல பார்த்துட்டுச் சொல்றோம்" என்று திரும்பினார். மேஸ்திரி கரணையை எடுத்து அடுத்த கல்லுக்குக் கலவை பூசினார்.

வேலை போய்விடும் என்று பயம். போலீஸ் வருமோ என்று பயம். எங்கள் ஊரில் தெரிந்தால் தலை காட்ட முடியாது என்று பயம். இத்தனையும் ஒன்றாக இருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து பக்கவாதத்தில் படுத்திருந்த மனிதர் ஏதோ கூப்பிடும் சத்தம் கேட்டது. சொல்லாகவே வரவில்லை. பச்சையம்மாள் மறுபடி சுவரில் ஏறக் காலைத் தூக்கினாள்.

"பேப்பர் தப்புங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "பேப்பர் தப்பு. பழைய பத்திரத்துல பாதை இருக்குது. நான்தான் தப்பா மாத்திட்டேன்."

மேஸ்திரி கையை நிறுத்தினார். வேலூர்க்காரர் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதிக் குடுப்பீங்களா?"

செங்கல் அடுக்கின் மேல் தாளை வைத்து எழுதினேன். எழுத்து கோணல் மாணலாக வந்தது. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது சார் பக்கத்தில் நின்றிருந்தார். வேலூர்க்காரரிடம், "பேனா குடுங்க" என்று கேட்டு வாங்கி, என் பெயருக்குக் கீழே, 'சரிபார்க்காமல் அனுமதித்தது நான்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.

மறுநாள் பழைய பத்திரத்தின் படத்தைக் காட்டினோம். அதற்கும் மறுநாள் சுவர் இறங்கியது. கம்பெனி மேல் கேஸ் வரவில்லை. ஆனால் சார் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். போகச் சொன்னார்களா, அவரே போனாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. ஒரு வருஷம் விதி எழுதும் வேலையை என்னிடம் தரவில்லை. பிழை பார்க்க உட்கார வைத்தார்கள். அது நிம்மதியாகத்தான் இருந்தது. மறுபடி தந்தபோது ஒவ்வொரு விதிக்கும் பத்து உதாரணத்துக்குப் பதில் நாற்பது எழுதினேன். கம்மியாக எழுதி விட்டுவிட மனம் வரவில்லை. ஓட்டும் பொத்தானை அழுத்தும் முன் அந்த நாற்பதையும் மறுபடி ஒரு தடவை படிப்பேன்.

பத்திரத்தைத் திருத்தி எழுதி முடிக்க ஏழெட்டு மாதம் ஆனது. அதில் ஒரு நகலைப் பச்சையம்மாளிடம் நானே கொண்டுபோனேன். பாதையில் நடந்து உள்ளே போனேன். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தொடும்போல இருந்தது. அவள் கணவர் ஏழுமலை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "நீங்களே படிங்கம்மா" என்றாள். படித்தேன். இந்தத் தடவை நாலரை அடி என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்து, எண்ணை எழுத்தாலும் எழுதச் சொல்லியிருந்தேன்.

"எங்க வழி எதுல இருக்குது? காட்டுங்க."

காட்டினேன். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். விரல் வைத்ததில் 'அடி' முழுக்க மறைந்துபோனது. எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது இனிமே எங்கியும் போவாதில்ல?"

போகாது என்றேன். அவள் விரலை எடுத்த பிறகு, அது அங்கேதான் இருக்கிறதா என்று குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.